மலைவீட்டில் ஜாஸ் இசைத்தட்டுகள்: புதிதாகச் சேர்க்க வருபவர்களுக்கு

குன்னூரிலும் கோத்தகிரியிலும் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த டர்ன்டேபிளை வாங்கலாம் என்பதுதான். அடுத்ததாக, எந்தத் தட்டு பின்னாளில் நல்ல விலைக்குப் போகும் என்று கேட்பார்கள். இரண்டுமே பிறகு வரவேண்டிய கேள்விகள். பத்தே பத்துத் தட்டுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த நாளில், எந்த ஊரில், யார் யார் சேர்ந்து வாசித்துப் பதிவானது என்று சொல்லத் தெரிந்தவரிடம் இருப்பது சேகரிப்பு. ஐந்நூறு தட்டுகளை வாங்கி அடுக்கிவிட்டு, உறையின் படத்தைத் தாண்டி ஒன்றும் சொல்லத் தெரியாதவரிடம் இருப்பது சாமான். முதல் வகையில் சேர விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீலகிரியின் ஈரத்தையும் மலைப்பாதையையும் மனத்தில் வைத்து எழுதினாலும், பழனி மலையில் கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும்.

முதலில் காது

தட்டு வாங்குவதற்கு முன் இரண்டு மாதங்களைக் கேட்பதற்கென்றே ஒதுக்குங்கள். அதற்குக் கைப்பேசியும் நல்ல ஹெட்போனும் போதும். ஆனால் சமைத்துக்கொண்டோ கணக்கு எழுதிக்கொண்டோ கேட்பது இந்தக் கணக்கில் சேராது. ஒரே உருப்படியை ஒரு வாரம் முழுக்கக் கேட்க வேண்டும்.

நான் எல்லோருக்கும் முதலில் கொடுப்பது, லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய ஹாட் ஃபைவ் குழுவினரும் 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவுசெய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அன்று இடம் இருந்தது. அதற்குள் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவுசெய்து வாசித்தவர்கள் இவர்கள். ப்ளூஸ் அமைப்பில் ஒரு சுற்று என்பது பன்னிரண்டு பார்; ஒவ்வொரு பாருக்கும் நான்கு எண்ணிக்கை. விரல் கணுக்களில் எண்ணிப் பழகிய நமக்கு இது எளிது. ஒரு கையின் நான்கு விரல்களிலும் உள்ள பன்னிரண்டு கணுக்களைப் பாருக்கு ஒன்றாகக் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே போனால், கடைசிக் கணுவில் சுற்று முடிந்து, மறுபடியும் முதல் கணுவில் தொடங்கும்.

தொடக்கத்தில் துணையே இல்லாமல் டிரம்பெட் மட்டும் ஒலிக்கும். அப்போது எண்ண வேண்டாம். அங்கே கால அளவு இன்னும் ஊன்றப்படவில்லை. குழு உள்ளே நுழையும் இடத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள். முதல் சுற்றில் டிரம்பெட் மெட்டைச் சொல்லும். இரண்டாவது சுற்று டிராம்போனுடையது. மூன்றாவதில் கிளாரினெட் ஒரு வரி சொல்ல, ஆம்ஸ்ட்ராங் சொற்களே இல்லாத குரலால் அதற்குப் பதில் சொல்வார். நான்காவது சுற்று எர்ல் ஹைன்ஸின் பியானோ. ஐந்தாவதில் ஆம்ஸ்ட்ராங் ஒரே ஓர் உச்ச சுரத்தைப் பிடித்து நான்கு பார்கள், அதாவது ஒரு விரலைத் தாண்டி அடுத்த விரலின் முதல் கணு வரை, விடாமல் நிறுத்துவார். விரலால் எண்ணிக்கொண்டிருப்பவருக்குத்தான் அந்த நிறுத்தத்தின் நீளம் உறைக்கும். எண்ணாமல் கேட்பவர் அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

பன்னிரண்டு கைக்கு வந்த பிறகு முப்பத்திரண்டு பார் அமைப்புக்குப் போகலாம். எட்டு எட்டாக நான்கு பகுதிகள். முதலாவதும் இரண்டாவதும் நான்காவதும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. அமெரிக்கப் பாடல்களில் பெரும்பகுதி இந்த அச்சில் வார்க்கப்பட்டவை. ஜாஸ் கலைஞர்கள் அந்தப் பாடல்களின் இசையிணைப்பை, அதாவது எந்தச் சுரக்கூட்டுக்குப் பின் எது என்ற வரிசையை, மட்டும் எடுத்துக்கொண்டு மேலே புது மெட்டைக் கட்டினார்கள். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் 'கோ-கோ', இதே அச்சை இரட்டித்து அறுபத்துநான்கு பாராக்கிய 'செரோக்கி' என்ற பாடலின் முதுகெலும்பின் மீது எழுந்ததுதான்.

கேட்கும் வரிசை காலவாரியாக இருப்பது நல்லது. 1923இல் கிங் ஆலிவர் குழு ஜெனெட் நிறுவனத்துக்காக வாசித்தவை, மைக்ரோஃபோன் வருவதற்கு முன், ஒரு பெரிய கூம்பின் முன்னால் நின்று வாசித்துப் பதிவானவை. தாள வாத்தியங்கள் சரியாகக் காதில் விழவில்லையே என்று புதியவர்கள் குறைப்படுவது அதனால்தான். 1925இல் மின்பதிவு வந்ததும் ஒலியே மாறிவிடுகிறது. பிறகு ட்யூக் எலிங்டன் குழுவின் 1940 முதல் 1942 வரையிலான பதிவுகள், 1945இல் பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும், 1959இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. இடையில் ஒரு பள்ளம் இருப்பதைக் கவனிப்பீர்கள். 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்குப் போகாமல் வேலைநிறுத்தம் செய்தது. பெரிய நிறுவனங்களான விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில்தான் இறங்கிவந்தன. பார்க்கரும் கில்லெஸ்பியும் வளர்த்த பீபாப் என்ற பாணி முளைவிட்ட காலம் அதுவே என்பதால், அதன் தொடக்க ஆண்டுகள் தட்டில் மிகக் குறைவாகவே பதிந்திருக்கின்றன. இந்த ஒரு செய்தி தெரிந்தால், இரண்டு பாணிகளுக்கு நடுவே ஏன் இவ்வளவு பெரிய தாவல் என்று குழம்ப வேண்டியதில்லை.

மலையில் தட்டு எங்கே இருக்கிறது

தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாக்கள், வெலிங்டன் ராணுவ முகாமில் பணிபுரிந்து ஓய்வுபெற்று இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள், மிஷன் பள்ளிகளைச் சுற்றி வாழ்ந்தவர்கள், ஆங்கிலோ இந்தியர் வீடுகள்: மலையில் மேற்கத்திய இசைத்தட்டுகள் வந்து சேர்ந்த வழிகள் இவை. வீடு கைமாறும்போது மேசை, நாற்காலியோடு தட்டுப் பெட்டியும் பழைய மரச்சாமான் கடைக்குப் போய்விடுகிறது. ஊட்டியிலும் குன்னூரிலும் அத்தகைய கடைக்காரர்களிடம் நல்ல பழக்கம் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதே சிறந்த வழி. தட்டு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். பிளேட்டு என்று கேட்டால் உள்ளே போய் எடுத்து வருவார்கள்.

எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியில் பெரும்பாலும் நடன இசை, கிறிஸ்தவப் பாடல்கள், நகைச்சுவைப் பேச்சு, நடுவே ஒரு தியாகராஜ பாகவதர் தட்டு என்றுதான் இருக்கும். ஜாஸ் ஒன்றோ இரண்டோ கிடைத்தால் அன்று நல்ல நாள். பாகவதரைத் தூக்கி எறியாதீர்கள். அவரைத் தேடிக்கொண்டு கோவையில் ஒருவர் இருப்பார், அவர் பெட்டியில் உங்களுக்கு வேண்டியது கிடக்கும்.

பார்லஃபோன் நிறுவனத்தின் 'ரிதம் ஸ்டைல்' வரிசைத் தட்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள். அமெரிக்காவில் ஓகே நிறுவனம் பதிவுசெய்த ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் பதிவுகள் பிரிட்டிஷ் உலகத்துக்கு வந்தது பார்லஃபோன் வழியாகத்தான். கல்கத்தாவில் பதிவான கொலம்பியா தட்டுகளில் டெடி வெதர்ஃபோர்டின் பெயரைத் தேடுங்கள். சிகாகோவில் பெயர்பெற்ற பியானோ கலைஞரான அவர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குழு நடத்தி, 1945இல் காலரா கண்டு கல்கத்தாவிலேயே இறந்தார். இந்தியாவில் உருவான ஜாஸ் என்ற கிளையை மட்டுமே சேர்ப்பவர்கள் உண்டு. நமக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதும் அதுதான் என்பது என் எண்ணம்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டாக இருப்பதாலேயே அது மிகப் பழையது என்று நம்பிவிடாதீர்கள். மேல்நாட்டில் 1948இல் எல்பி என்னும் நீண்டநேர வினைல் தட்டு வந்து, அடுத்த பத்தாண்டுகளில் அரக்குத் தட்டு மறைந்துவிட்டது. ஆனால் கல்கத்தாவின் டம்டமில் இருந்த கிராமபோன் கம்பெனி ஆலை 1960களிலும் அதை அச்சிட்டுக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாடல்களே இந்தியாவில் 78 வேகத் தட்டுகளாக வந்திருக்கின்றன.

தட்டைப் பார்க்கும் முறை

கடை வாசலுக்கு எடுத்துவந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் கீறலெல்லாம் காதுக்குக் கேட்காது. நகத்தின் நுனியை மெல்ல இழுக்கும்போது தட்டுப்படும் கீறல்தான் ஊசியையும் தடுக்கும். பள்ளங்கள் பளபளப்பு இழந்து சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தால், கனமான எஃகு ஊசி பலமுறை உழுத தட்டு அது, கழுவினாலும் மீளாது.

அரக்குத் தட்டில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருக்கலாம். நடுத்துளையில் விரலைக் கோத்துத் தட்டைத் தொங்கவிட்டு, மறுகையின் விரல் முட்டியால் ஓரத்தில் லேசாகத் தட்டிப் பாருங்கள். முழுத்தட்டு மண்பானை போல ஒலிக்கும். விரிசல் விட்டது பொத்தென்று அடங்கும். சந்தையில் பானை வாங்கிய பாட்டிமார்கள் செய்ததேதான்.

தரத்தைக் குறிக்கச் சேகரிப்பாளர்கள் எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள். அரக்குத் தட்டுகளுக்கு என், இ, வி, ஜி, எஃப், பி என்று புதியது முதல் மோசமானது வரை இறங்கும். எல்பிகளுக்கு மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி என்று போகும். வாங்கும்போது விற்பவர் சொல்லும் தரத்திலிருந்து ஒரு படி குறைத்துக்கொள்வது என் வழக்கம். விற்கும்போது நாமும் ஒரு படி குறைத்துச் சொன்னால் பெயர் கெடாது.

அடுத்து, நடுக்காகிதத்துக்கும் பள்ளங்கள் முடியும் இடத்துக்கும் இடையிலுள்ள வெற்றுப் பகுதியைப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்தான் தட்டின் உண்மையான அடையாளம். ஒரே பாட்டை ஒரே நாளில் மூன்று முறை வாசித்திருந்தால், எந்த முறை வாசித்தது இது என்பதை அந்த எண்ணின் ஒட்டெழுத்தோ ஒட்டெண்ணோ சொல்லும். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் எல்பிகளில் இதே இடத்தில் ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் பெயரெழுத்துகள் இருக்கும். 1960களின் நடுப்பகுதி வரை அவற்றை அச்சிட்ட ஆலையின் குறி, பார்ப்பதற்குக் காது போன்ற ஒரு வளைவு, பக்கத்தில் இருக்கும். நடுக்காகிதத்தில் லெக்சிங்டன் அவென்யூ முகவரி இருந்தால் மேலும் பழைய அச்சு. இத்தகைய முதல் அச்சுகளில் சில, ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. புதியவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். நல்ல மறுபதிப்பில் அதே இசை, பெரும்பாலும் குறைந்த இரைச்சலோடு இருக்கிறது. குறுந்தகடும் தாழ்ந்ததல்ல.

நடுக்காகிதம் பொய் சொல்லும் என்பதும் நினைவிருக்கட்டும். 1953 மே 15 அன்று டொராண்டோவின் மேசி ஹாலில் பார்க்கரும் கில்லெஸ்பியும் பட் பவலும் சார்ல்ஸ் மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் வாசித்த கச்சேரி தட்டாக வந்தபோது, ஒப்பந்தச் சிக்கலால் பார்க்கரின் பெயர் சார்லி சான் என்று அச்சாயிற்று. பாஸ் ஒலி சரியாக விழவில்லை என்று மிங்கஸ் பின்னர் ஸ்டுடியோவில் தன் பகுதியைப் பல இடங்களில் மேலே வாசித்துச் சேர்த்தார். நேரடிக் கச்சேரி என்று உறை சொல்வதை நம்பி விவாதத்தில் இறங்கினால் இப்படித்தான் சறுக்கும்.

கழுவுவது

இங்கே ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில், பூசணம் பூத்த ஒரு 78 தட்டைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, அழுக்கு வருகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். வந்தது அழுக்கல்ல, இசை. அது அப்படியொன்றும் அரிய தட்டல்ல என்று இன்றைக்கும் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். அரக்கு என்பது மரத்தில் அண்டும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் தச்சர்கள் மரத்துக்கு மெருகு போடுகிறார்கள். சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து கப்பலேறி, உலகெங்கும் தட்டாக அச்சான பொருள் அது. ஆகவே அரக்குத் தட்டின் அருகில் ஸ்பிரிட், கொலோன், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வரக்கூடாது.

செய்ய வேண்டியது இது. பூசணம் இருந்தால் தட்டைத் திண்ணைக்கோ முற்றத்துக்கோ எடுத்துப்போய், மூக்கைக் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் உலர்ந்த நிலையிலேயே தட்டிவிடுங்கள்; அறைக்குள் செய்தால் பூசண வித்து மற்ற உறைகளுக்குப் போய்விடும். பிறகு பாட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. நடுக்காகிதத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே துடைப்பது கூடாது. பின்னர் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை. தட்டை ஊறவைக்காதீர்கள், அரக்கோடு கலந்த நிரப்புப் பொருள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பாத்திரம் கவிழ்க்கும் தாங்கியில் செங்குத்தாக நிறுத்தி நிழலில் உலர்த்துங்கள். ஏப்ரலில் ஒரு மணி நேரத்தில் காயும். ஜூலையில் ஊட்டியில் மறுநாள் காலை வரை விட்டுவிடுங்கள். கறுப்புத் தட்டை வெயிலில் வைத்தால் அப்பளம் போல வளையும்.

வினைல் எல்பிக்கும் இதே முறைதான். அது ஸ்பிரிட்டில் கரையாது என்றாலும், எது எந்தத் தட்டு என்று கண்டுகொள்ளும் பழக்கம் வரும்வரை வீட்டில் ஒரே முறையை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கருவி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சேகரிப்பாளர்கள் பேச்சில் பாதியைக் கருவி தின்றுவிடுகிறது. அரக்குத் தட்டின் பள்ளம் எல்பியின் பள்ளத்தைவிட மூன்று நான்கு மடங்கு அகலமானது. எல்பி ஊசியால் அதை வாசித்தால், ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையில் உரசிக்கொண்டு போகும், கேட்பது இரைச்சல்தான். ஆகவே 78 வேகம் உள்ள டர்ன்டேபிளும், 78க்கென்று தனி ஊசியும் தேவை. சாவி கொடுக்கும் பழைய கிராமபோன் பெட்டி வீட்டில் இருந்தால், அதன் எஃகு ஊசியை ஒரு பக்கம் வாசித்ததும் மாற்றிவிட வேண்டும். அந்தப் பெட்டியில் வினைலை ஒருநாளும் வைக்கக் கூடாது, ஒரே முறையில் பள்ளம் போய்விடும்.

மலையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்பதால் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஆம்ப்ளிஃபயரை இணைக்காதீர்கள். வேகத்தைக் கைப்பேசிச் செயலியால் அளந்து பாருங்கள். வேகம் சற்று மாறினாலும் சுருதி மாறும் என்பதற்குக் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வே சான்று. 1959 மார்ச் 2 அன்று பதிவு நடந்தபோது ஒலிநாடாக் கருவி மெதுவாக ஓடியதால், தட்டின் முதல் பக்கத்திலுள்ள மூன்று உருப்படிகளும் சற்றே சுருதி கூடி ஒலித்தன. 1992 மறுபதிப்பில்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தையே சந்தேகித்திருப்பார்கள்.

மழை மாதங்கள்

ஊட்டிப் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. கிழக்குச் சரிவில் உள்ள குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் உண்மையான மழை. உங்கள் ஊருக்கு எது என்று பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். பூசணம் தட்டைவிட உறையையும் நடுக்காகிதத்தையும்தான் முதலில் பிடிக்கும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. கற்சுவர் உள்பக்கம் வியர்க்கும். ஒரு சாண் இடைவெளி விட்டு, உள்சுவர்ப் பக்கமாக நிறுத்துங்கள். மலைவீடுகளில் துணி அலமாரிக்குள் குறைந்த வாட் குண்டுபல்பு எரியவிடும் பழைய வழக்கம் தட்டுக்கும் உதவும். ஆனால் பல்பு கீழ்த்தட்டில், தட்டுகளிலிருந்து விலகி இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை மாதம் ஒருமுறை வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கி எடுத்தால் மறுபடியும் வேலை செய்யும். கணப்பு மூட்டும் அறையில் தட்டு வேண்டவே வேண்டாம்.

எல்லாத் தட்டும் செங்குத்தாக, சாயாமல், இறுக்கமும் தளர்ச்சியும் இல்லாமல் நிற்க வேண்டும். பழைய தாள் உறைகளை எறியாமல் தனியே ஒரு கோப்பில் வையுங்கள். கடையின் முத்திரை அதில் இருக்கும், தட்டு எந்த வழியாக மலையேறியது என்பதற்கு அதுவே தடயம்.

நோட்டுப் புத்தகம்

ஒரு தட்டுக்கு ஒரு பக்கம். நிறுவனம், வெளியீட்டு எண், மேட்ரிக்ஸ் எண், பதிவான நாள், ஊர், வாசித்தவர்கள், வாத்தியம், எங்கே வாங்கியது, தரம். கீழே காலியிடம் விடுங்கள். கேட்கும்தோறும் தோன்றுவதை நாளிட்டு எழுத அது வேண்டும். பதிவு நாளையும் வாசித்தவர்களையும் கண்டுபிடிக்க டிஸ்காகிராஃபி என்னும் பதிவு அட்டவணைகள் உதவும். பிரான்சின் சார்ல் டெலோனே 1936இல் வெளியிட்டது இத்துறையின் முன்னோடி. அன்று அவரைப் போன்றவர்கள் கலைஞர்களிடமே நேரில் கேட்டும், காதால் அடையாளம் கண்டும் தொகுத்ததை இன்று நாம் நொடியில் பார்த்துவிடுகிறோம். ஆனாலும் முதலில் கேட்டு, வாசிப்பது யாராக இருக்கும் என்று ஊகித்து எழுதிவிட்டு, பிறகு அட்டவணையைத் திறவுங்கள். ஊகம் தவறினால் அடிக்காதீர்கள். பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். எந்த இரண்டு பேரை நம் காது குழப்பிக்கொள்கிறது என்பது சில மாதங்களில் அந்தப் பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

கூடிக் கேட்பது

தனியாகச் சேர்ப்பவர் பாதி தூரம்தான் போகிறார். நாங்கள் ஆறேழு பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் ஒருவர் வீட்டில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு தட்டு, இரண்டு பக்கத்துக்கு மேல் இல்லை. தட்டு ஓடும்போது பேச்சு கிடையாது. தேநீர் ஆற்றும் சத்தமும் கிடையாது. கொண்டுவந்தவர் நடுக்காகிதத்தைக் காட்டமாட்டார். கேட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் தன் நோட்டில் மூன்று வரி எழுதுவார்: எந்தக் காலம், யாராக இருக்கும், எந்த இடம் காதைப் பிடித்தது. அதன் பிறகே வாய் திறக்கலாம். லெனார்ட் ஃபெதர் என்ற விமர்சகர் 1946இல் பத்திரிகையில் தொடங்கிய, கலைஞர்களிடமே பெயரைச் சொல்லாமல் தட்டைப் போட்டுக் கருத்துக் கேட்கும் முறையின் வீட்டு வடிவம் இது. பெயர் தெரியாதபோது துணிவாகக் குறை சொல்பவர்கள், பெயர் தெரிந்ததும் குரலை இறக்கிக்கொள்வதை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறோம்.

வாதம் செய்ய நல்ல பொருள் வேண்டுமென்றால், பார்க்கர் 1945 நவம்பர் 26 அன்று சவாய் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோ-கோ'வின் முதல் முயற்சியில் குழு 'செரோக்கி' மெட்டுக்குள் நுழைந்ததும் வாசிப்பு நிறுத்தப்படுவது கேட்கும். முழுமையாக வந்தது அடுத்தது. அன்று கில்லெஸ்பி டிரம்பெட்டும் வாசித்தார், பியானோவிலும் உட்கார்ந்தார். எந்த உருப்படியில் பியானோ யாருடையது என்பது ரசிகர்கள் இன்னும் விடாத வழக்கு. இத்தகைய வழக்கில் காதின் சாட்சி வேறு, படித்த சாட்சி வேறு. எது எது என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று. முதல் ஜாஸ் தட்டு என்று 1917இல் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் பதிவுசெய்ததைச் சொல்வார்கள். அந்தக் குழுவினர் வெள்ளையர். அந்த இசையை நியூ ஆர்லியன்ஸில் உருவாக்கிய கறுப்பினக் கலைஞர்கள் பலருக்கு ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவு பிறகுதான் திறந்தது. தட்டில் முதலில் வந்தவர் வேறு, இசையில் முதலில் வந்தவர் வேறு. சாதியின் பேரால் மேடை மறுக்கப்பட்டவர்களின் கதை தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் தட்டை மட்டுமே சான்றாகக் கொள்ளும் சேகரிப்பாளர்கள் இதை எளிதில் மறந்துபோகிறார்கள்.

நம் பக்கத்துத் தொடர்புகளைப் பேசும்போது ஆசை அளவை மீறிவிடும். டேவ் புரூபெக் குழு 1958இல் இந்தியா வந்து சென்றது, அந்த ஆண்டுத் தட்டில் 'கல்கத்தா ப்ளூஸ்' இருக்கிறது. எலிங்டன் 1963இல் வந்தார். ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட தட்டின் தலைப்பில் இருக்கும் சச்சிதானந்தர், மலையிறங்கினால் வரும் கோவையை ஒட்டிய செட்டிபாளையத்தில் பிறந்தவர். இவையெல்லாம் உண்மை. ஆனால் ஜான் கோல்ட்ரேனின் நீண்ட வாசிப்பைக் கேட்டதும் ராகத்தின் பெயரைச் சொல்லத் துடிப்பவருக்கு எங்கள் கூட்டத்தில் ஒரு தண்டனை உண்டு: அந்த ராகத்தின் ஆரோகண அவரோகணத்தைப் பாடிக்காட்டி, தட்டில் அது எங்கே வருகிறது என்று ஊசியை வைத்துக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அடுத்த தட்டுக்குப் போய்விடுவோம்.

கூட்டத்துக்கு வயதானவர் ஒருவரையாவது அழையுங்கள். 1955 முதல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்தவர்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கும் புரியவேண்டும் என்று அவர் நிறுத்தி நிதானமாகப் பேசியதை அவர்கள் நடித்தே காட்டுவார்கள். தட்டின் விலை என்ன என்ற கேள்வியை மட்டும் அவர்கள் முன்னால் கேட்காதீர்கள்.

திரும்பும்போது மூடுபனி இறங்கியிருக்கும். அரக்குத் தட்டுகளை இரண்டிரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, கயிற்றால் கட்டி, பெட்டியில் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கப்போட்டால் கொண்டை ஊசி வளைவில் ஒரு குலுக்கலில் அடித்தட்டு முறியும். டிக்கியில் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளும் ஆள் ஒருவர் வேண்டும். வீடு வந்ததும் குளிர்ந்த தட்டை உடனே கணகணப்பான அறையில் உறைபிரித்தால் மேலே நீர் பூக்கும். கட்டைப் பிரிக்காமல் மறுநாள் காலை வரை அப்படியே விட்டுவைத்து, பிறகு அலமாரியில் அதன் இடத்தில் நிறுத்துங்கள்.